குட்டிகளை விட்டு ஓடிய கரடி

அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரி நிரோ, யாழ்ப்பாணத்துப் பெண். காட்டுக் கரடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். போன மார்ச் கடைசியில் அவள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். "சாமான் தூக்க ஆள் இல்லை அக்கா, ஒருநாள் வாறீங்களோ?" என்று கேட்டாள். எனக்கு ஆபீசில் ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்காத நேரம். உடனே சரி என்றேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய் வடக்கே திரும்பினால் மொத்தம் அறுபது மைல், ஒன்றரை மணி நேரம். (பெட்ரோலை வீட்டுப் பக்கமே போட்டுக்கொள்ளுங்கள். மலைப் பகுதியில் பங்க் குறைவு.) குழுத்தலைவி கேரன் காட்டின் விளிம்பில் காத்திருந்தார்.

நாங்கள் தேடிப்போன தாய்க்கரடியின் கழுத்தில் ரேடியோ பட்டை இருந்தது. நிரோ இரண்டு வருடமாக அதைப் பின்தொடர்கிறாள். பட்டையின் பேட்டரி தீரப்போகிறது. கரடி குளிர்காலத் தூக்கம் முடிந்து குகையை விட்டுக் கிளம்புவதற்குள் மயக்க ஊசி போட்டுப் பட்டையை மாற்ற வேண்டும், குட்டிகளை எடை போட வேண்டும். அதுதான் அன்றைய வேலை.

பழைய டிவி ஆன்டெனா போன்ற ஒன்றை நிரோ தூக்கிப் பிடிக்க, அதோடு இணைத்த பெட்டியிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. கரடிப் பட்டையின் சிக்னல் அது, நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். ஈர இலைச் சருகில் ஒரு மைல் நடக்க ஒரு மணி நேரம் ஆனது. சாய்ந்த ஓக் மரத்தின் வேருக்கடியில் இருந்தது குகை. கேரன் ஊசியோடு நெருங்குவதற்குள் கரடி விழித்துவிட்டது. வெளியே வந்து எங்களை ஒருமுறை பார்த்தது. அடுத்த நொடி சரிவில் இறங்கி ஓடிவிட்டது.

உள்ளே குட்டிகள் அழத் தொடங்கின. கைக்குழந்தை அழுவதைப் போலவே இருந்தது.

"ஜாக்கெட்டுக்குள்ள வைங்கோ அக்கா, குளிரில விறைச்சுப் போயிடும்" என்று நிரோ ஒன்றை என்னிடம் நீட்டினாள். அது என் ஸ்வெட்டரை நகத்தால் பற்றிக்கொண்டு, கழுத்துக்கடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மூன்று குட்டிகள். அவசரமாக எடை போட்டு, குகைக்குள் வைத்துவிட்டு, தூரத்து மேட்டுக்கு வந்து உட்கார்ந்தோம்.

"அம்மா வரலைன்னா என்ன பண்றது நிரோ?"

"வேற தாயிட்ட சேர்க்கப் பாப்பம். எல்லா நேரமும் சரிவராது." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தூறல் ஆரம்பித்தது. பெட்டியில் சத்தம் மிக மெலிதாக, தப்பான திசையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மதியம் தாண்டியபின் சத்தம் கொஞ்சம் கூடியது. நிரோ ஆன்டெனாவை மெதுவாகத் திருப்பினாள். இன்னும் கூடியது. கடைசியில் குகை இருந்த திசையிலேயே நின்றுவிட்டது.

"வந்திட்டுது அக்கா!" என்று என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

மறுபடி போய் ஊசி போட முயலலாமா என்று கேரன் கேட்டார். விட்டால் இந்தக் கரடியின் தடமே போய்விடும். நிரோ பெட்டியை அணைத்தாள். "வேணாம். இன்னொருக்கா ஓடினா திரும்பி வருமோ தெரியாது" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, கேரனைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கேரன் மறுபேச்சில்லாமல் பையைக் கட்டினார்.

காட்டின் விளிம்பில் நின்ற காருக்குத் திரும்பியதும், நான் கொண்டுபோன தயிர்சாதத்தை மூவரும் சாப்பிட்டோம். கேரன் ஊறுகாயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மே மாதம் பேட்டரி தீர்ந்து பட்டையின் சத்தம் ஓய்ந்துவிட்டது. லிஃப்டில் பார்த்தபோது நிரோ சொன்னாள்: "எங்கயோ மூண்டு குட்டியோட நிக்குது. காணும்." யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். அவள் குரலில் வருத்தம் இல்லை. எனக்கும் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: குகைப் பக்கம் தனியாகப் போகவே கூடாது, அனுமதி பெற்ற ஆராய்ச்சிக் குழுவோடு மட்டுமே. தண்ணீர் புகாத ஷூ அவசியம், சென்ட் வேண்டாம், சாப்பாடு காரிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காட்டுப் பாதையில் கரடிக்குட்டி தனியாக அழுவதைக் கண்டால் தொடாமல், வந்த வழியே விலகி வாருங்கள். தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் நிற்கும், நீங்கள் எப்போது போவீர்கள் என்று பார்த்துக்கொண்டு.