நாலு கவர்ணருக்கு மேசை வைத்தவர்

நீல அட்டை போட்ட சின்னக் குறிப்புக் கொப்பி அது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் துணித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்த மால்ட்டாக்காரர் அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். இடைவேளையில் என்னை ஒரு பார்வை பார்ப்பார், பிறகு அதில் ஏதோ எழுதுவார். எண்பதுகளின் நடுப்பகுதி. என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று பொலிசிடம் சொல்லியிருந்தேன். இலங்கையில் தம்பி இயக்கத்துக்குப் போனது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கூட வந்த ஒருவர் பயமுறுத்தியிருந்தார். எனக்குப் பயப்பட ஆள் சொல்லித்தர வேண்டியதில்லை.

மால்ட்டாக்காரருக்கு அறுபது தாண்டியிருக்கும். டென்மார்க்கில் கலியாணம் கட்டிய மகளோடு இருந்தார். மத்தியதரைக் கடலில் வெள்ளைக்காரன் ஆண்ட தன் தீவைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பாதிதான் பிடிபடும். தொப்பியில் வெள்ளை இறகு வைத்த துரைமார், அவர்கள் வந்திறங்கும்போது முழங்கும் பீரங்கி, எல்லாவற்றையும் கையாலும் வாயாலும் செய்து காட்டுவார். ஒருநாள் விரல்களை நீட்டி, நாலு கவண்மேந்துக்கு வேலை செய்தேன் என்றார். அப்படித்தான் என் காதில் விழுந்தது. ஒரு கவண்மேந்துக்கே, சொந்த நாட்டு அரசாங்கத்துக்கே, பயந்து ஓடிவந்தவன் நான். இந்த மனிதர் நாலுக்கு உளவு பார்த்திருக்கிறார். அடுத்த நாளே, உனக்குச் சகோதரர் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கையிலிருந்த தேநீர் காற்சட்டையில் கொட்டியது. அவர் கொப்பியை எடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சாப்பாட்டு மேசையில் மறந்துவிட்டுப் போனார். நான் ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, மறுநாள் காலை, என்னோடு அறையில் இருந்த, நான் அண்ணை என்று கூப்பிடும் தமிழரிடம் கொடுத்தேன். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர் அவர். இரண்டு பக்கம் புரட்டியதும் சிரிக்கத் தொடங்கினார்.

“மடையா, கவண்மேந்தில்லையடா, கவர்ணர்! எங்கட பழைய ஆக்கள் தேசாதிபதி எண்டு சொல்லுவினமே, அது. இந்த மனுசன் நாலு கவர்ணருக்கு மேசை வைச்சிருக்கிறார், சாப்பாடு பரிமாறுற வேலை.”

“அப்ப என்னத்தை எழுதுறார்?”

“ஒரு துரைக்கு முட்டை நாலு நிமிசம் அவியோணும். மற்றவர் பாண் கரையைத் தின்னமாட்டார், வெட்டிக் குடுத்தாலும் கோவிப்பார். மூண்டாவது துரைக்கு ஊர்க் கடிதம் வந்த நாளில பேச்சுக் குடுக்கக்கூடாது.” கடைசிப் பக்கத்தில் அவருடைய சிரிப்பு நின்றது. “இது நீயடா. தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி. மாட்டிறைச்சி வேண்டாம். சகோதரம் ஒண்டு இருக்கு, கேக்கக்கூடாது.”

பரிமாறிப் பழகியவரின் குணம்தான், வேறொன்றுமில்லை என்று அண்ணை சொன்னார். எனக்கு அது போதவில்லை. இன்று நல்லவர் கையில் இருக்கும் எழுத்து நாளை யார் கைக்குப் போகும்? அந்தத் தாளைக் கிழித்து, குசினித் தொட்டியில் வைத்துக் கொளுத்தினேன். திங்கட்கிழமை கொப்பியை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்தார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார்.

“கவர்ணர்மார்கூட இதைத் தொட்டதில்லை,” என்றார். பிறகு எனக்குத் தேநீர் ஊற்றி, மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கித் தந்தார். அதன்பின் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தம்பி இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

எனக்கு விசா கிடைத்தது. தம்பி திரும்பவில்லை. போன மாதம் பேத்தி பாடசாலை வேலையென்று ஒரு தாளோடு வந்து, அப்பப்பாவுக்கு எத்தனை சகோதரர் என்று டேனிஷில் கேட்டாள். நான் முதலில் ஜன்னலைப் பார்த்தேன்.

“ஒரு தம்பி,” என்றேன்.

அவள் எழுதினாள். நான் தடுக்கவில்லை.