சிரிஞ்சில் திரும்பி வந்த பால்

என் மகள் மாதம் நிறையாமல் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவளுக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாயொன்று போட்டிருந்தார்கள். நான் பாலை எடுத்துச் சிறு போத்தலில் கொடுப்பேன். தாதி அதில் சில துளிகளை மட்டும் குழாயில் விடுவாள். மிச்சம் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும்.

அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஒருவர்மீதும் நம்பிக்கை வரவில்லை. அத்தனை தாய்மாரின் போத்தல்களுக்குள் என்னுடையதைத்தான் எடுக்கிறார்களா? பெயர் ஒட்டுவதைக் கண்ணால் பார்த்தும் மனம் ஆறவில்லை.

ஒருநாள் தாதி வெறும் சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி இழுத்தாள். பிள்ளையின் வயிற்றிலிருந்து என் பால் ஏறி வந்தது. எனக்குப் பதறியது.

"என்ன மிஸ், குடுத்ததைத் திருப்பி எடுக்கிறீங்கள்?"

"செமிச்சதா பாக்கிறது அம்மா" என்றாள் அந்தச் சிங்களப் பெண், தனக்குத் தெரிந்த தமிழில். எனக்கு அது தப்பிக்கச் சொன்ன சாட்டாகத்தான் பட்டது.

பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து கணவரின் அக்கா பால்மா டின்னோடு வந்தார்.

"பட்டினி போட்டே சாக்காட்டிப் போடுவாங்கள். இதைக் கரைச்சுக் குடுக்கச் சொல்லும்."

என் மனதில் ஓடியதும் அதுதான். டின்னைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் தமிழ்ப் பெண்.

"ஏன் டொக்டர், என்ர பிள்ளைக்கு வயிறு நிறையக் குடுக்கிறீங்கள் இல்லை?"

"பிள்ளையின்ர குடல் இன்னும் முத்தேல்லை. அவசரப்பட்டுக் கூட்டினா குடல் அழுகிற வருத்தம் வரலாம், உயிருக்கே ஆபத்து. பால்மாவில அந்தப் பயம் இன்னும் கூட. உங்கட பால்தான் காவல். கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுவம்."

நன்றாகத்தான் கதைத்தார். நன்றாகக் கதைக்கிறவர்களை நான் அப்போது கூடுதலாகச் சந்தேகித்தேன். என்றாலும் டின்னைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் தாதியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்ற ஒரு காலையில் சிரிஞ்சுக்குள் பாலுக்குப் பதிலாகப் பச்சை நிறத்தில் நீர் ஏறியது. நான் வாய் திறக்க முன்னமே அவள் பாலை அப்பால் வைத்துவிட்டு டொக்டரைக் கூப்பிட்டாள். பிள்ளையின் வயிறு உப்பித் தோல் மினுங்கியது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பாலை முழுதாக நிறுத்திச் சேலைனும் மருந்தும் ஏற்றினார்கள்.

இப்போது சந்தேகம் என்மேலேயே திரும்பியது. நான் தின்ற ஏதாவதா? கை கழுவியது போதவில்லையா?

"உங்களால இல்லை" என்றார் டொக்டர். "குறைமாதப் பிள்ளையளுக்கு இந்தக் குடல் வருத்தம் வாறதுதான். பால் எடுக்கிறதை மட்டும் விட்டிடாதேங்கோ."

நான் விடவில்லை.

வயிறு இளகிய பிறகு மறுபடி துளிகளில் தொடங்கினார்கள். தாதி சிரிஞ்சை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கி எனக்குக் காட்டினாள். வெறுமையாக இருந்தது; கொடுத்த பால் செமித்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மகள் பாரம் கூடி, குழாய் கழற்றி, வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாள். நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுத்து முடித்ததும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

"இனி விடும், பிள்ளை நித்திரை கொள்ளட்டும்" என்றார் கணவர்.

நான் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.