முப்பத்தெட்டாவது இலை

ஈரச் சேலைகளின் உப்பு வாடை, தண்ணீர் தெளித்த வாழையிலை வாசனை, கொதிக்கிற சாம்பார்... ராமேசுவரத்து மெஸ் ஒன்றின் நடுவில் நான் தலைகளை எண்ணிக்கொண்டு நின்ற அந்த மதியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. சிக்கல் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு இருபத்திரண்டு வயது, வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதிது. தாத்தாவுக்குத் திதி கொடுக்க, தை அமாவாசைக்கு மொத்தக் குடும்பமும் ராமேசுவரம் போவதென்று முடிவானது. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் சாப்பாட்டு ஏற்பாடு என் தலையில் விழுந்தது.

மெஸ்காரருக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் வந்தது. அமாவாசைக் கூட்டமாம், இலை எத்தனை என்று எழுதினால்தான் இடமாம்.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் வீட்டில் ஆட்டை எண்ணலாம், நெல் மூட்டையை எண்ணலாம், ஆட்களை மட்டும் எண்ணக் கூடாது. எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்பார் பெரியய்யா. அப்பாவுக்கு மூத்தவர். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ எங்கள் வீட்டுத் தலைகளை எண்ணிச் சொல்லப்போய், அந்த வருடமே காலராவில் மூன்று பேர் போனார்களாம். அதில் ஒருத்தி அவருடைய மகள். அதற்குமேல் யார் அவரிடம் வாதாடுவது?

"எத்தனை பேருன்னு எழுதணுமாம், பெரியய்யா..."

"நெறையப் பேரு வாரோம்னு எழுதுலே. எண்ணுற சோலி மட்டும் வேணாம்."

'நிறையப் பேர்' என்று எழுதினால் எந்த மெஸ்காரன் இலை போடுவான்? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன பிறகு ஒரு சிலேட்டில் எல்லார் பேரையும் எழுதினேன். கைப்பிள்ளைகளை விட்டுவிட்டு, தனி இலை போடுகிறவர்களை மட்டும் எண்ணினேன். முப்பத்தெட்டு. எச்சில் தொட்டு அழித்துவிட்டு, கார்டைப் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டில் யார் இருமினாலும் எனக்குத் திக்கென்றது. பாவி, எண்ணிவிட்டேனே!

அமாவாசையன்று ரயிலில் போய் இறங்கி, கடலில் முங்கி, திதி கொடுத்து, தீர்த்தமெல்லாம் ஆடி முடிக்க மதியமாகிவிட்டது. மெஸ்ஸில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் பந்தி. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்காரப் போனேன்.

மெஸ்காரர் கூப்பிட்டார். "தம்பி, முப்பத்தெட்டுன்னுதான எழுதுனீக? உங்க இலை போக ஒரு இலை காலியாக் கெடக்கே."

பெண்கள் வரிசையில் கடைசி இலை. மறுபடி எண்ணினேன், இந்த முறை விரலை நீட்டியே. என்னைச் சேர்த்து முப்பத்தேழு.

மீனா இல்லை. அண்ணன் மகள், ஆறு வயது, பச்சைப் பாவாடை.

"அவ அப்பாகூட அந்தப் பந்தியில இருக்கான்னுல நெனச்சேன்!" என்று மதினி எழுந்தாள். "உன்கூட இருக்கான்னு நானும்..." என்றார் அண்ணன். சோற்றில் வைத்த கையோடு எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பெரியய்யா என்னையே பார்த்தார். "எண்ணுனியாலே?"

கடற்கரைக்கு ஓடினேன். அந்தக் கடலில் அலையே கிடையாது, குளம் மாதிரி கிடக்கும். அன்றைக்கு அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. முங்கி எழுகிற ஒவ்வொரு தலையையும் பார்த்தேன். பச்சைப் பாவாடை, பச்சைப் பாவாடை என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன். நான் எண்ணியதால்தான் பிள்ளை போய்விட்டாள் என்று முழுசாக நம்பினேன். படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, தெரியவில்லை.

பிறகு தெருத் தெருவாக, சத்திரம் சத்திரமாக.

நாலாவது சத்திரத்தில் இன்னொரு பெருங்குடும்பத்தின் பந்தி. நடுவில் மீனா, முழங்கைவரை வழிகிற பாயசத்தை நக்கிக்கொண்டு!

அள்ளி எடுத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் பதறிவிட்டாள். "உங்க பிள்ளையா? வாசல்ல முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. எங்க கூட்டத்துப் பிள்ளைன்னு நெனச்சுல கையப் புடிச்சு உக்கார வச்சேன்!"

"ஒரு ஆள் அதிகமா இருக்குன்னு தெரியலையாம்மா?"

"நல்லா கேட்டீக போங்க. பிள்ளைகள எண்ணலாமாய்யா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த மெஸ்காரர் அந்த இலையைப் பார்க்காமல் இருந்திருந்தால், நாங்கள் சாப்பிட்டு, ரயிலேறி, பாம்பன் பாலமும் தாண்டியிருப்போம். அதை நினைக்க நினைக்கத்தான் பயம் அதிகமானது.

திரும்பிப் போனபோது ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. சோறு ஆறி, இலை சுருண்டு கிடந்தது. பெரியய்யா மீனாவை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ரயில் புறப்படும் நேரம், ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "ஏலே... எல்லாரும் ஏறியாச்சான்னு ஒருக்காப் பாரு."

"எப்படிப் பாக்க, பெரியய்யா?"

"மனசுக்குள்ளயே பாரு. வாயத் தொறக்காத."

போன மாதம் பேரப்பிள்ளைகள் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனார்கள். இருபத்தாறு பேர். பேத்தி செல்போனிலேயே டேபிள் புக் பண்ணிவிட்டாள், ஆறேழு பேராகப் பிரித்து. எண்ணிக்கையைத் தட்டும்போது அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. நல்லதுதான்.

சாப்பிட உட்கார்ந்தோம். மனசுக்குள்ளேயே பார்த்தேன். என்னையும் சேர்த்து இருபத்தைந்து.

"ஒரு சேர் காலியா இருக்கேம்மா..."

"யாராவது ரைடுல இருப்பாங்க தாத்தா. நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்."

யார் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் மட்டும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.