தட்டாமல் எதுவும் ஓடாது

வாஷிங் மெஷினை டொக் டொக்கென்று தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்கிறாள் அலர்மேல். மூடியைத் திறந்து, கையை விட்டு உள்ளே ஒரு சுற்று துழாவுகிறாள். அப்புறம்தான் துணி. பீரோவும் அப்படித்தான், வெளிக்கதவும் அப்படித்தான். திருப்பதியில், கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்து வீட்டில் தட்டாமல் எதுவும் ஓடாது.

போன ஈற்றில் பூனை வெள்ளச்சியின் குட்டி ஒன்று அழுக்குத் துணிக்குள் சுருண்டு தூங்கியது தெரியாமல் மெஷினைப் போட்டுவிட்டாள். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம். தட்டுகிறாள், அவ்வளவுதான்.

இப்போது வெள்ளச்சிக்கு நான்கு குட்டிகள். ஊசி நூல் டப்பா பூட்டுக்குள் போய்விட்டது. நூலோ நாரோ விழுங்கினால் குட்டியின் குடலையே சுருட்டிவிடும் என்று கால்நடை டாக்டர் சொன்னதிலிருந்து, பெருமாளுக்கு மாலை கட்டி முடித்ததும் பாயை உதறி, மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்க்கிறாள். ஃபினாயில் போட்டுத் துடைத்தால் தரை காயும்வரை குட்டிகளுக்குக் கூடைச் சிறை. பாச்சை உருண்டைக்கு வீட்டில் இடமே இல்லை. பட்டுப்புடவைகளின் கதி பெருமாள் விட்ட வழி. "வெங்காயமும் பூனைக்கு ஆகாதாம். நம்மாத்து வாசப்படியே அது ஏறாது. அந்த மட்டும் நிம்மதி" என்று சிரிப்பாள். எதிர்வீட்டுக் கமலம்மா தெலுங்குக்காரி. "பில்லி மாமி" என்றுதான் கூப்பிடுவாள். தெலுங்கில் பில்லி என்றால் பூனை. அலர்மேலுக்கு அந்தப் பட்டத்தில் உள்ளூரப் பெருமைதான்.

கணவர் ஸௌரிராஜனுக்குத்தான் பொறுக்கவில்லை. கோயிலில் கோஷ்டியோடு நின்று ஆழ்வார்களின் பிரபந்தம் சேவிக்கிறவர். குளித்துத் திருமண் இட்டுவிட்டால் பூனை மேலே படக்கூடாது. பட்டால் மறுபடி தலைக்கு ஸ்நானம்.

"குரங்குக்குட்டிதான் தாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். பூனைக்குட்டி சும்மா கெடந்தாப் போறும், தாயே வாயால கவ்விண்டு போயிடும். பெருமாள் நம்மளக் காக்கறதும் அப்படித்தான்னு பெரியவாள்ளாம் சொல்லியிருக்கா. நடுவுல நீ என்னத்துக்கு?" என்பார்.

"கவ்வத் தெரியும், சரி. வெள்ளச்சிக்கு மூடி தொறக்கத் தெரியுமோ?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

அன்று காலை கூடையில் மூன்றுதான் இருந்தன. வாசலில் ஸௌரிராஜன், பஞ்சகச்சமும் திருமண்ணுமாக, ஸ்கூட்டரில் சாவியைப் போடப் போனார். அலர்மேல் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னடி இது! கோஷ்டி ஆரம்பிச்சுடும்."

"ஒரு குட்டியக் காணும். கெடைக்கற வரைக்கும் வண்டி நகராது."

"நான் போகலேன்னா பெருமாள் கேப்பார்."

"அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேப்பார்."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரைத் தட்டினாள். சீட்டுக்கு அடியில், எஞ்சின் பக்கத்திலிருந்து, நூலிழையாக ஒரு குரல் வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டிபோட்டு உட்கார்ந்து, பின்சக்கரத்துக்கு மேலிருந்த இடுக்கில் கையை விட்டாள். வளையல் தடுத்தது. கழற்றி வைத்துவிட்டு மறுபடி விட்டாள். அவளுடைய சதைப்பிடிப்பான கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. வெள்ளச்சி வந்து தலையை நுழைத்துப் பார்த்தது. அதற்கும் எட்டவில்லை. ஸௌரிராஜனை அண்ணாந்து பார்த்துக் கத்தியது.

"மெக்கானிக்கப் பிலவனா, கூப்பிடட்டுமா மாமி?" என்றாள் கமலம்மா, எதிர்வாசலிலிருந்து.

"அவன் வந்து ஸ்பானரால தட்டினா பயந்துண்டு இன்னும் உள்ள போயிடும்."

அலர்மேல் எழுந்தாள். கணவரின் கையைப் பார்த்தாள். முருங்கைக்காய் மாதிரி ஒல்லியான கை.

ஸௌரிராஜனும் தன் கையைப் பார்த்தார். வெளுத்த வேஷ்டியைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. "இதோ பார், அலர்மேல்..." என்று இழுத்துக்கொண்டே திரும்பினார்.

அவள் அங்கே இல்லை. கொல்லைக் குழாயடியில் வாளியை வைத்து, அவருடைய இரண்டாவது ஸ்நானத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.