ஐந்தாம் வகுப்பில் நாற்பது நாள்

இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களைச் சுவரில் நடக்கவிடுகிறார் முருகையன். ஆள்காட்டி விரல் ஓர் அடி, நடுவிரல் ஓர் அடி. தோள் உயரம் தாண்டியதும் முகம் கோணுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்துவரை எண்ணுகிறார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓர் "அண்ணாமலையாரே" தவறாமல் வரும்.

"பல்லியா இருந்தா இந்நேரம் கூரைக்கே போயிருக்கும்" என்பார் அவர் மனைவி எல்லம்மாள், அரிசி களைந்தபடியே.

"பல்லிக்குத் தோள்ல பிளேட்டு வெச்சி ஆறு ஸ்க்ரூ முடுக்கிப் பாரு, தெரியும்."

கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டர். மாசியில் வேங்கிக்கால் நிறுத்தத்தில் படியிலிருந்து விழுந்து தோள் உடைந்தது. மேல் கம்பியைப் பிடிக்க முடிந்தால்தான் மறுபடி வேலை. கார்த்திகை தீபம்வரை நிரந்தரமாக வேறு ஆளைப் போடுவதில்லை என்று முதலாளி சொல்லியிருந்தார். பேருந்தில் ஏறி, தரையிலிருந்து கம்பிவரை சணலால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார் முருகையன். எங்கள் வீட்டு நடைச் சுவரில் அந்த உயரத்தில் எல்லம்மாள் ஸ்டூல் போட்டு ஏறிக் கரிக்கோடு இழுத்தார்.

வீட்டின் பின்பகுதியில் அவர்கள் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு படாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்வார் அப்பா. என் தம்பி அறிவுமதியின் உயரத்தை வகுப்பு வகுப்பாகப் பென்சிலால் குறித்த இடம் அது. தம்பி குதிகாலைத் தூக்குவான். அப்பா தலையில் ஸ்கேலை வைத்து அழுத்துவார். கோடுகள் கல்லூரி முதல் வருடத்தோடு முடியும். முருகையனின் பேருந்தில்தான் கல்லூரிக்குப் போவான். "உள்ள போங்க தம்பி" என்று உச்சந்தலையில் தட்டி நகர்த்துவாராம். தம்பி இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

அந்தப் பட்டையில் முருகையன் விரல் வைப்பதில்லை; பக்கத்தில்தான் ஏறுவார். ஆனால் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். சித்திரையில், "ரெண்டாங்கிளாஸ்ல இருக்கேன்மா" என்றார். ஐந்தில் நாற்பது நாள். "ஃபெயிலாக்கிட்டாங்க." ஆடியில் ஒருநாள் பொறுமையிழந்து, இடது கையால் வலது கையைப் பிடித்து எட்டாம் வகுப்புக்குத் தள்ளினார். தோள் வீங்கி, மூன்று வாரம் ஒன்றாம் வகுப்புகூட எட்டவில்லை.

"டபுள் பிரமோஷன் வாங்கப் பாத்தேன், ஸ்கூல உட்டே தொரத்திட்டாங்க."

பிசியோதெரபி பெண் பூஜா திட்டியதை அவரே நடித்துக்காட்டினார்: "அங்கிள், வலி ஜாஸ்தியானா நிறுத்துங்க, கம்மியானா ஏறுங்க. ஓடிப்போய்த் தொத்தறதுக்கு இது பஸ் இல்ல."

அதன்பிறகு அவசரப்படவில்லை. காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை. இரண்டு வருடமாக அந்தச் சுவரைப் பார்க்காமலே கடந்துகொண்டிருந்தேன். "ஒம்பதுல தம்பி ஒரேடியா வளந்துட்டாரு, பெரிய கேப்பு" என்று அவர் முனகியபோது எட்டிப் பார்த்தேன். அந்த வருடம் தம்பிக்குப் பள்ளி பேண்ட் இரண்டு முறை தைத்தோம்.

நேற்றுக் காலை கூப்பிட்டார். "வந்து பாரும்மா. குதிகால் தூக்கினா சொல்லிடு."

விரல்கள் கல்லூரிக் கோட்டைத் தாண்டின. கரிக்கோட்டில் போய் நின்றன. குனிந்து பார்த்தேன், குதிகால் இரண்டும் தரையில் இருந்தன. எல்லம்மாள் அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

பத்துவரை எண்ணிவிட்டு, விரல் விரலாக இறக்கினார். கடைசிப் பென்சில் கோட்டருகே கை நின்றது. முதன்முறையாகப் பட்டையின் பக்கம் நகர்ந்து, அந்தக் கோட்டுக்கு மேல், உள்ளங்கையால் மெல்ல இரண்டு முறை தட்டியது.