காயவைத்த விதைகள்

அக்காவின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அவளுடைய பையை அப்பா திறந்தார். மலையில் ஜீப் கவிழ்ந்தபோது அவளோடு இருந்த பை. உள்ளே ஒரு டப்பா, அதில் ஈரத்துணியில் சுற்றிய விதைகள், கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக. எனக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதுவுமே தோன்றவில்லை. சுரக்குடியிலிருந்து காரைக்காலுக்கு ஆபீஸ் போனேன், வந்தேன், போட்டதைத் தின்றேன்.

அக்காவுக்கு வேலை மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில். அங்கே பள்ளத்துச் சதுப்பில் மட்டும் வளரும் காட்டு ஜாதிக்காய் மரம் ஒன்று உண்டு. வேரை முட்டிக்கால் போல மடக்கித் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு விடும். அது எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்று தேடி எழுதுவதுதான் அவள் வேலை. ஒருமுறை அப்பாவையும் அழைத்துப்போனாள். இவர் கண் வேறெதைப் பார்க்கும்?

"தண்ணி நிக்குது, மண்ணு கறுப்பா இருக்கு. வெட்டித் திருத்துனா நல்ல நஞ்சைம்மா."

"அப்படித் திருத்தித்தாம்ப்பா இந்தக் காடெல்லாம் போச்சு" என்று சிரித்தாள். பெரிய மரங்கள் நிற்கின்றன, அடியில் கன்றுதான் இல்லை என்பது அவளுக்குத் தீராத கவலை.

அப்பா அந்த விதைகளை மொட்டைமாடியில் சாக்கு விரித்துக் கொட்டினார். ஆனி மாத வெயில். புரட்டிப் புரட்டிக் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பானையில் கட்டிவைத்தார். ஈரத்தோடு விதையை வைத்தால் பூசணம் பிடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளுக்காகச் செய்ய அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான்.

அக்காவோடு வேலைபார்த்த பெண் விதைகளை வாங்கிப்போக வந்தார். பானைக்குள் கைவிட்டு ஒரு விதையை எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லா வச்சிருக்கீங்கய்யா" என்றார். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"இந்த வெதை காஞ்சா செத்துடுங்க. ஈரத்துலயே இருக்கணும். கன்னாக்கி அதே எடத்துல நடணும்னுதான் பொறுக்குனாங்க. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பஸ் வந்தது, ஏற்றிவிட்டேன்.

விதை யாருக்குக் கொடுத்தாலும் ஒரு பிடி எடுத்துவைத்துக்கொள்வது அப்பா வழக்கம். இதிலும் எடுத்துவைத்திருந்தார். சம்பா நாற்றங்கால் ஓரமாக, மோட்டார் கொட்டகை நிழலில் சின்னப் பாத்தி கட்டி ஊன்றினார். தினமும் காலையில் போய்க் குனிந்து பார்க்கிறார். நெல் நாற்றைப் பறித்து நட்டும் ஆகிவிட்டது. இந்தப் பாத்தி மட்டும் வெறும் மண்ணாகவே கிடக்கிறது.

நேற்று நானும் கூடப் போனேன்.

"காட்டு வெதைல்ல தம்பி, நாளாவும்" என்றார்.

"ஆமாம்ப்பா, நாளாவும்" என்றேன்.

பாத்திக்குத் தண்ணீர் விடச் சொன்னார். கொட்டகைக்குள் போய் மோட்டாரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் நின்று அழுதேன்.