பேர் தெரியாத மருந்து

பெண்கள் விடுதி வார்டனுக்கு அங்கே பேர் சாவிக்கொத்து. நேரில் மட்டும் அக்கா. இடுப்புச் சாவிகளின் சத்தம் அவளுக்கு முன்னால் மாடியேறிவிடும். அதற்குள் திருட்டுத்தனமாகச் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் கரண்ட் அடுப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு இந்த வேலைக்கு வந்து, கீழ்த்தளத்து அறையிலேயே தங்கிவிட்டவள். யாரோடும் ரொம்ப ஒட்டமாட்டாள், யாரையும் கைவிடவும் மாட்டாள்.

ஒரு வருஷம் விடுதியில் மூட்டைப்பூச்சி புகுந்தது. மெத்தைகளை வெயிலில் போட்டார்கள், கட்டில் இடுக்கில் வெந்நீர் ஊற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆள் வைத்து மருந்தடிக்கலாமா என்று முதலாளியைக் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார் என்று அர்த்தம்.

மூன்றாம் மாடியில் துணிக் கம்பெனித் தையற்காரி ஒருத்தி இருந்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு ஜன்னலைச் சாத்தித் தானே மருந்தடித்தாள். அடித்த கையோடு அங்கேயே படுத்தும்விட்டாள். சாப்பிடக் கூப்பிடப் போன அறைத்தோழி பார்க்கும்போது, வாயில் எச்சில் ஒழுக மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

சாவிக்கொத்து அவளை வெளியே தூக்கிவரச் செய்து, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

"என்ன மருந்து அடிச்சாங்க?" என்றார் டாக்டர்.

"மூட்டைப்பூச்சி மருந்துங்க." கையோடு எடுத்துவந்த பாட்டிலை நீட்டினாள். அது தண்ணீர் பாட்டில். மேலே மலையும் ஓடையும் அச்சடித்திருந்தது.

"இதுல என்ன இருந்துச்சுன்னு எப்படிம்மா தெரியும்? அறிகுறிய வெச்சு ஊசி ஆரம்பிச்சிட்டோம். சரியான பேர் தெரிஞ்சா நல்லது. லேபிள் இருக்கான்னு பாருங்க."

தையற்காரி வாங்கியது எங்கே என்று அறைத்தோழி சொன்னாள். கடைத்தெருக் கோடியில் இருந்த உரக்கடை. சாவிக்கொத்து நேரே அங்கே போய்க் கேட்டாள்.

"என்கிட்ட வாங்கலையே மேடம்" என்றார் கடைக்காரர்.

சாவிக்கொத்து அங்கிருந்த உரமூட்டை மேல் உட்கார்ந்தாள். "வித்தீங்களான்னு நான் கேக்கல. அந்தப் பொண்ணு மூச்சு விட முடியாமக் கிடக்குது. கேன்ல ஒட்டியிருக்கற காகிதம் வேணும்."

அவர் தெருவைப் பார்த்தார். உள்ளே போய், சாக்கில் சுற்றி ஒரு காலிக் கேனைக் கொண்டுவந்தார். "பெரிய கேன் வாங்க எல்லாராலயும் முடியுமா? கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் குடுக்கறதுதான். என் பேர் வெளிய வரக்கூடாதுக்கா."

மேடம் அக்காவாகிவிட்டதை அவள் கவனித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வண்டியில் வரும்போது லேபிளைப் படித்தாள். பொடி எழுத்து. வயற்பயிருக்கு மட்டும், வீட்டுக்குள் அடிக்கக் கூடாது, வேறு பாத்திரத்துக்கு மாற்றக் கூடாது. கீழே தனிக் கட்டத்தில் மருத்துவருக்கு என்று மாற்று மருந்தின் பேர். டாக்டர் அதைத்தான் தேடிப் படித்தார். "நாங்க குடுக்கறதுதான். தைரியமா தொடரலாம்" என்றார்.

தையற்காரி பிழைத்தாள். இளைத்துத் துரும்பாகித் திரும்பி வந்தாள்.

பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், விவசாய அதிகாரி விசாரிக்க வந்தார். கேன் எங்கே கிடைத்தது என்று கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னாள். கடைக்குச் சீல் வைத்தார்கள்.

கடைக்காரர் விடுதி வாசலுக்கே வந்தார். "கூடப்பிறந்தவ மாதிரி நம்பிக் குடுத்தேன்."

"நீங்க குடுத்ததையும் சொன்னேன், ஊத்தி வித்ததையும் சொன்னேன். ரெண்டும் நடந்ததுதானே அண்ணே."

அவள் நீட்டிய தண்ணீரைக் குடிக்காமல் அவர் போனார்.

முதலாளி இப்போது தானாகவே, மருந்தடிக்க லைசென்ஸ் உள்ள ஆளை அனுப்பினார். அவன் மூடியைத் திறப்பதற்கு முன் டப்பாவை அவள் கையில் கொடுத்தான். வீட்டுக்குள் அடிக்கலாம் என்று போட்டிருக்கிறதா, எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று படித்துப் பார்த்துவிட்டு, எல்லோரையும் மொட்டைமாடிக்கு அனுப்பினாள்.

"வேலைக்கு நேரமாச்சுக்கா, சட்டைய மட்டும் எடுத்துட்டு வந்திடறேன்" என்று ஒருத்தி கெஞ்சினாள்.

"மாடிக் கொடியில காயற என் சேலையக் கட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.